செம்மண் புழுதிக்கு வேக்ஸா, செராமிக்கா?

கார் கழுவும் சோப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்றே செய்தது. பளபளப்புக்கும் பாதுகாப்புக்கும் காரின் மேல் பூசிய வேக்ஸையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடும். காரம் தூக்கலாக இல்லாத கார் ஷாம்பு ஒன்று போதும், பிராண்ட் எதுவானாலும் சரி. காரைக்குடிப் பக்கத்துச் செம்மண் புழுதியை முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி இறக்கிவிட வேண்டும். அப்புறம்தான் துணியைத் தொடலாம். இல்லையென்றால் பொடி மணலே பெயின்ட்டைக் கீறிவிடும்.

உண்மையான போட்டி பூச்சில்தான். நான் வேக்ஸையே தேர்ந்தெடுத்தேன்.

பெயின்ட்டின் மேல் கெட்டியான படலமாக ஒட்டிக்கொள்ளும் செராமிக் கோட்டிங் வருடக்கணக்கில் நிற்கும், புழுதியும் சுலபமாக இறங்கும். அதன் கடினத்துக்கு '9எச்' என்று சொல்வது மட்டும் பென்சிலால் கீறிப் பார்க்கும் அளவுகோல். கல் தெறித்தால் தாங்கும் என்று அர்த்தமில்லை.

எனக்கு முடிவைத் தந்தது தண்ணீர். எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். கால்சியமும் மக்னீசியமும் நிறைந்த கடின நீர். சித்திரை வெயிலில் கதவைத் துடைத்து முடிப்பதற்குள் பானெட் காய்ந்துவிடுகிறது. செராமிக்கின் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், பார்க்க அழகுதான். ஆனால் ஒவ்வொரு முத்தும் காய்ந்த இடத்தில் ஒரு வெள்ளை வட்டம் படியும். வேக்ஸிலும் வட்டம் விழும். வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மறுபடி நானே வேக்ஸ் வைத்துவிடுவேன். செராமிக்கில் கறை ஊறிப் பிடித்துவிட்டால் மெஷின் வைத்துப் பாலிஷ் போட வேண்டும். பல ஆயிரம் கொடுத்துப் பூசியதையே தேய்த்து எடுத்து, திரும்பவும் கடைக்குப் போக வேண்டியதுதான்.

எதைப் பூசினாலும் நிழலில் கழுவுங்கள், காயவிடாமல் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். வளவு வீடுகளில் முற்றத்தில் விழும் மழைநீரை அண்டாவில் பிடித்து வைப்பார்களே, அது கிடைத்தால் கடைசி அலசலுக்கு அதை விடச் சிறந்தது இல்லை. கறை வைக்கும் உப்பு அதில் அனேகமாகக் கிடையாது.

வேக்ஸ் நம் வெயிலில் இரண்டு மாதம் தாண்டுவதே அரிது, அது பெரிய குறைதான். வேக்ஸைப் போலவே பூசும் செயற்கை சீலன்ட் கூடுதல் நாள் தாங்குகிறது, ஆனால் அதில் எனக்குப் பழக்கம் குறைவு. என் கார் வெள்ளை. கறுப்புக் காரில் கீறலும் கறையும் இன்னும் எடுப்பாகத் தெரியும். மூடிய ஷெட்டும் நல்ல தண்ணீரும் உள்ளவர்கள் செராமிக் போடுவதில் தவறில்லை.