ஏற்காடு எஸ்டேட்டுக்கு அரை வாட் வாக்கி டாக்கி போதுமா?

போதும், பேசும் முறை தெரிந்தால். உரிமம் தேவைப்படாத செட்டைத்தான் சொல்கிறோம்: 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ், 16 சேனல், கழற்ற முடியாத ஆன்டெனா. மலிவாகக் கிடைக்கும் ஐந்து வாட் செட்டுகளை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள முடியாது. விற்பவர் என்ன சொன்னாலும், பெட்டியில் அலைவரிசை எண்ணைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பத்து கிலோமீட்டர் எட்டும் என்று பெட்டியில் போட்டிருக்கும். மறைப்பே இல்லாமல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அந்தக் கணக்கு. சேர்வராயன் கோயில் மேட்டிலிருந்து பேசும்போது நன்றாகவே எட்டும். நாகலூர் பக்கம் சில்வர் ஓக் நிழலில், காப்பிச் செடிகளுக்குள் நின்றால் ஒரு கிலோமீட்டரை நம்பலாம். நடுவே மேடு வந்தால் அதுவும் கிடையாது. எட்டாதபோது பலர் பனிமூட்டத்தின் மேல் பழி போடுகிறார்கள். இந்த அலைவரிசையை மூடுபனி ஒன்றும் செய்யாது. தடுப்பது மலைமுகடும் ஈரம் சொட்டும் இலைகளும்தான். முகட்டில் ஒருவரை நிறுத்தி, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வைத்தால், காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் இயந்திரம் ஓடும் கொட்டகை வரை சேதி போகும்.

கரகரவென்று கேட்டால் சற்று நகர்ந்து பாருங்கள். அலைநீளம் 67 செ.மீ.தான் என்பதால், பாறையில் பட்டுத் திரும்பும் அலை ஓரிடத்தில் குரலை அமுக்கினாலும் சற்றுத் தள்ளி நின்றால் தெளிவாகக் கேட்கும். செட்டை இடுப்பில் மாட்டியபடி பேச வேண்டாம், உடம்பே சிக்னலை விழுங்கிவிடும். முகத்துக்கு நேரே நிமிர்த்தி, மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். கத்தினால் குரல் உடையும்.

பட்டனை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் முதல் சொல் போய்விடும். அதைவிட ஆபத்து, பட்டனைச் சீக்கிரம் விடுவது. தமிழில் ஆமா இல்லையா என்பது வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். “லோடு அனுப்ப வேண்டாம்” என்பதில் வால் அறுந்தால் லாரி கிளம்பிவிடும். “வேண்டாம், லோடு வேண்டாம், ஓவர்” என்று சொல்லிப் பழக்குங்கள். அறுபதும் எழுபதும் ரேடியோவில் ஒன்றுபோல் கேட்கும். “ஏழு, சைபர், எழுபது மூட்டை” என்று சொல்லுங்கள், எதிராளி திருப்பிச் சொல்லட்டும். அழைக்கும்போது யாரைக் கூப்பிடுகிறீர்களோ அவர் பெயர் முதலில், உங்கள் பெயர் பிறகு.

“செட் செத்துப்போச்சு” என்று வரும் புகார் பலவற்றில் செட்டில் கோளாறே இருக்காது. சேனல் ஒன்றாக இருந்தும் பிரைவசி கோடு எண் (அதே எண் வைத்த செட்டின் பேச்சை மட்டும் ஒலிக்க விடும் அமைப்பு) வேறாக இருக்கும். எல்லா செட்டிலும் அதே எண்ணை வைத்து, பட்டன்களைப் பூட்டிக் கொடுங்கள். பெயர்தான் பிரைவசி, தன் செட்டில் அந்த அமைப்பை அணைத்து வைத்திருக்கும் எவரும் அதே சேனலில் உங்கள் பேச்சைக் கேட்கலாம். குரல் கேட்டதும் தானே இயங்கும் வாக்ஸ் வசதியை அணைத்துவிடுங்கள். பல்ப்பர் இரைச்சலிலும் காற்றிலும் அது சேனலைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைப் பேச விடாது.

மழைக்காலத்துக்கு, நீர் புகாத தன்மையைக் காட்டும் தர எண் ஐபிஎக்ஸ்4-க்குக் குறையாத செட்டாகப் பார்த்து வாங்குங்கள். அது சாரலைத்தான் தாங்கும், தொட்டியில் விழுந்தால் தாங்காது. நனைந்தபின் குரல் கம்மினால் மைக் துளையில் நீர்த்துளி நிற்கிறது என்று அர்த்தம். துளை கீழே பார்க்கும்படி பிடித்து நாலு தரம் உதறுங்கள். ஊசியால் குத்தினால் மைக்கே போய்விடும்.