கண்ணாடியும் நடனமும் ஒரே வளாகத்தில்: சியாட்டில் சிஹூலி கூடம்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், 1962 உலகக் கண்காட்சிக்காக எழுப்பப்பட்ட ஸ்பேஸ் நீடில் கோபுரத்தின் அடியிலேயே இருக்கும் 'சிஹூலி கார்டன் அண்ட் கிளாஸ்', ஓவியர்களும் நடனம் அமைப்பவர்களும் நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய இடம். 2012இல் திறக்கப்பட்ட இக்கூடத்தில் கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹூலியின் படைப்புகள் உள்ளரங்குகளிலும் தோட்டத்திலும் வைக்கப்பட்டுள்ளன.

பலரும் புகழ்வது கண்ணாடி மாளிகையைத்தான். சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளுமாக ஏறத்தாழ 100 அடி நீளத்துக்குக் கூரையிலிருந்து தொங்கும் அந்தப் பூச்சரம் புகழத்தக்கதே. ஆயினும் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது 'பெர்சியன் சீலிங்' அறை. தலைக்கு மேலுள்ள கண்ணாடித் தளத்தில் சிப்பி வடிவத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்க, மேலிருந்து பாயும் விளக்கொளி அவற்றின் நிறங்களைச் சுவரிலும் பார்வையாளர்களின் சட்டையிலும் சிந்துகிறது. மாறாக, கண்ணாடித் தோட்டமாக அமைந்த 'மில்லே ஃபியோரி' அறையில் உருவங்கள் நெருக்கியடித்து நிற்பதால் கண் எதிலும் ஊன்றுவதில்லை என்பது என் கருத்து.

1976ஆம் ஆண்டு விபத்தில் இடக்கண் பார்வையை இழந்து, பின்னர் தோளிலும் காயமுற்ற சிஹூலி, கண்ணாடி ஊதும் குழலைக் குழுவினரிடம் ஒப்படைத்துவிட்டு, வரைந்து காட்டி அவர்களை நெறிப்படுத்தலானார். மேடையோரம் அமர்ந்து ஆட்டத்தை நடத்தும் நட்டுவனாரின் பணி இது. உருகிய கண்ணாடி இறுகுவதற்குள் ஒருவர் ஊத, ஒருவர் சுழற்ற, மற்றொருவர் வடிவம் தர வேண்டியிருப்பதால், தாளம் தப்பினால் பொருளே கெட்டுவிடும்.

இதே வளாகத்து மெக்கா (McCaw Hall) அரங்கில் பசிபிக் நார்த்வெஸ்ட் பாலே குழு நிகழ்ச்சிகள் நடத்துவதால், அட்டவணையைப் பார்த்துவிட்டுச் செல்வது நல்லது. நகர மையத்திலுள்ள வெஸ்ட்லேக் நிலையத்திலிருந்து மோனோரயிலில் வந்து இறங்கலாம். நடக்க விரும்புவோர் கடலோர ஒலிம்பிக் சிற்பப் பூங்காவையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே நுழைவுக் கட்டணமில்லை.