அப்பாவின் பேச்சும் இருபது நிமிடக் கரண்டும்: இரண்டு வருட அனுபவம்

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இரண்டரை வருஷமாகிறது. கை கால் ஓரளவு தேறிவிட்டது. பேச்சுதான் போச்சு. நாம் சொல்வது பெரும்பாலும் புரியும். எதைக் கேட்டாலும் "அதான், அதான்" என்பார். மன்னார்குடி பக்கம் நாற்பது வருஷம் நடவு ஆட்களைக் குரலாலேயே மேய்த்த மனுஷர். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று வரிசையாக எண்ணிவிடுவார். 'மூணு' மட்டும் சொல்லுங்க என்றால் வராது.

ஆறாம் மாதம் டி.டி.சி.எஸ். ஆரம்பித்தோம். தலைக்கு வெளியிலிருந்து மூளைக்கு மிக லேசான கரண்ட் கொடுக்கிற சிகிச்சை அது. உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்ச், தலையைச் சுற்றி ரப்பர் பட்டை, 1 மில்லி ஆம்பியர், 20 நிமிஷம். "மண்டைக்குக் கரண்டு குடுக்குறதாடி?" என்று அம்மா அழுதாள். ஷாக் ட்ரீட்மென்ட் வேறு, இது வேறு. அப்பாவுக்கு முதலில் கொஞ்சம் அரிப்பு, எடுத்தபின் நெற்றியில் லேசான சிவப்பு, அவ்வளவுதான். வலிப்பு வந்தவர்கள், தலைக்குள் உலோகம் வைத்தவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

முதலில் போன இடத்தில் பட்டையைக் கட்டி உட்கார வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பத்து நாள் பஸ் அலைச்சலும் காசும் வீண். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்தக் கரண்ட் சொல்லைக் கொண்டுவந்து வாயில் வைக்காது. மூளைச் செல்கள் கொஞ்சம் சுலபமாகத் தூண்டப்படும். அந்த நேரத்தில் பயிற்சி கொடுக்க வேண்டும். மடையைத் திறந்துவிட்டு நாற்றே நடாவிட்டால் என்ன விளையும்?

அடுத்த இடத்தில் கரண்ட் ஓடும்போதே ஸ்பீச் தெரபிஸ்ட் படம் காட்டிப் பேச வைத்தார். மொத்தம் 15 நாள். அவர் அட்டையில் ஸ்ட்ராபெரியும் கங்காருவும். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானே வயலில் போட்டோ எடுத்து அட்டை செய்தேன்: நாற்றுக்கட்டு, மடை, கொக்கு, மண்வெட்டி.

பதினோராம் நாள் மண்வெட்டி அட்டை. உதடு ஒட்டிப் பிரிந்தது. இடது கை தொடையைத் தட்டியது. "ம... மம்..." மறுபடி தட்டினார். "மம்பட்டி!" அட்டைக்குப் பின்னால் நான் எழுதியிருந்தது மண்வெட்டி. எங்க ஊரில் யார் மண்வெட்டி என்று சொல்கிறார்கள்?

இது கரண்டாலா, பயிற்சியாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. 2018இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 74 பேருக்கும் பேச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குப் போலிக் கரண்ட். நிஜக் கரண்ட் பெற்றவர்கள் கூடுதலான படங்களுக்குப் பெயர் சொன்னார்கள். ஆனாலும் ஆய்வாளர்கள் அதை முடிந்த முடிவாகச் சொல்லவில்லை.

இரண்டாவது சுற்றோடு கரண்டை நிறுத்திவிட்டோம். அட்டை மட்டும் தினமும் சாயங்காலக் காப்பியோடு நடக்கிறது. அறுபதில் நாற்பது சொல்கிறார். அம்மாவைக் கூப்பிடுகிற "இந்தா" திரும்ப வந்துவிட்டது. என் பேர் இன்னும் வரவில்லை. என் போட்டோவையும் அட்டைக் கட்டில் சேர்த்து வைத்திருக்கிறேன்.