480 வெள்ளிக்கு மாற்றியதாகச் சொன்ன மதர்போர்டு மாற்றப்படவே இல்லை

இதை எழுதும்போது இரவு பதினொன்றரை மணி. சாப்பாட்டு மேசையில் என் கணினிப் பெட்டி, பக்கவாட்டுத் தகடு கழற்றப்பட்ட நிலையில் படுத்துக் கிடக்கிறது. பக்கத்தில், கணினியின் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டின் அட்டைப்பெட்டி, நான்காண்டுகளாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அந்த அட்டைப்பெட்டியின் ஓரத்தில் ஒட்டியுள்ள சீரியல் எண்ணும், உள்ளே பலகையின் மீது ஒட்டியுள்ள சீரியல் எண்ணும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஒன்றாகவே இருக்கின்றன. இந்தப் பலகை எரிந்துபோய்விட்டது, புதியது போட்டுவிட்டோம் என்று சொல்லித்தான் இங்கே சிங்கப்பூரில் ஒரு பழுதுபார்ப்புக் கடை என்னிடம் 480 வெள்ளி (டாலர்) வாங்கியது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. அதைப் புகார்ப் படிவத்தில் எழுதிக்கொள்கிறேன். பழைய கடைத்தொகுதி ஒன்றின் மேல்மாடியில், கண்ணாடிக் கதவில் "எல்லா வகைக் கணினியும் பழுதுபார்க்கப்படும்" என்று ஒட்டியிருக்கும் ஒற்றை அறைக் கடை என்பது மட்டும் போதும்.

நான் வீட்டிலேயே துணைப்பாடம் நடத்துகிறேன். தொடக்கநிலை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான பயிற்சித்தாள்கள் எல்லாம் அந்தக் கணினியில்தான் உள்ளன. சென்ற மாதம் ஓர் இரவு வேலை செய்துகொண்டிருந்தபோது திரை அப்படியே உறைந்து நின்றது. சுட்டி அசையவில்லை; மூலையில் கடிகாரம் 9:42-ஐத் தாண்டவில்லை; விசைப்பலகையில் நம்லாக் விசையை அழுத்தினாலும் அதன் விளக்கு மாறவில்லை. வேறு வழியின்றிப் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். விசிறிகள் சுழன்றன, ஆனால் திரையில் "சிக்னல் இல்லை" என்ற வாசகத்தைத் தவிர வேறெதுவும் வரவில்லை. மறுநாள் காலையில் ஒருமுறை உயிர்வந்து, பத்து நிமிடத்தில் மீண்டும் உறைந்தது. தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த நேரம் என்பதால், காய்கறி வாங்கும் தள்ளுவண்டியில் பெட்டியை வைத்துத் துண்டால் சுற்றி, எம்ஆர்டியில் ஏற்றிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன்.

நான் ஏமாந்த இடம் எது என்று இன்று முழுவதும் யோசித்துப் பார்த்தேன். அந்த இளைஞர் தமிழில் பேசிய அந்த முதல் நிமிடம்தான் அது. பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க அக்கா, இதையெல்லாம் நீங்களா தூக்கிட்டு வந்தீங்க?" என்றார். என் மாணவர்களைப் பற்றி விசாரித்தார். தன் அக்கா மகளும் இந்த ஆண்டு தேர்வு எழுதுவதாகச் சொன்னார். பிறகு பெட்டியை ஒரு திரையுடன் இணைத்து, கருப்பாக நின்ற திரையை என் பக்கம் திருப்பி, "பாருங்க, போர்டு போயிடுச்சு. பவர் சப்ளையும் வீக்கா இருக்கு, அதான் போர்டை அடிச்சிருக்கு" என்றார். பெட்டியைத் திறக்காமலே சொன்னார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சோதனைக்கு 40, மதர்போர்டுக்கு 260, பாகங்களுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளைக்கு 120, கூலி 60, ஆக மொத்தம் 480 வெள்ளி என்று ஒரு சிறு தாளில் எழுதிக் கூட்டிக் காட்டினார். வேறு யாராவது சொல்லியிருந்தால் இன்னொரு கடையில் கேட்டிருப்பேன். அக்கா என்று கூப்பிட்டுவிட்டாரே என்று பேரம்கூடப் பேசாமல், கைப்பேசி எண்ணுக்கே பணம் அனுப்பும் பேநவ் மூலம் முழுத் தொகையையும் அங்கேயே அனுப்பினேன். அவர் கொடுத்தது ஒரு கைப்பேசி எண்; திரையில் கடையின் பெயருக்குப் பதில் ஒரு தனிமனிதரின் பெயர் வந்தது. கேட்டதற்கு, "பாஸ் நம்பர்தான் அக்கா, எல்லாரும் அதுக்குத்தான் அனுப்புவாங்க" என்றார். இது போதாதென்று கணினியின் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு நாளில் பெட்டி திரும்பி வந்தது, மூன்று நாள் ஓடியது, நான்காம் நாள் பழையபடி உறைந்தது. அதன்பின் தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் "விண்டோஸ் அப்டேட் ஓடும், ஒரு நாள் விட்டுப் பாருங்க" என்றார்கள். அடுத்து பாஸ் ஜோகூருக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அதற்கடுத்த வாரம், என் வீட்டு மின்சாரத்தில்தான் கோளாறு என்றார்கள்; அதே இணைப்பில் குளிர்சாதனப் பெட்டி பத்தாண்டுகளாக ஓடுகிறது என்று சொன்னதற்குப் பதில் வரவில்லை. நேரில் போனபோது, உத்தரவாதம் மாற்றிய பாகங்களுக்கு மட்டும்தான், இப்போது வந்திருப்பது வேறு பழுது, அதற்குப் புதிதாக 40 வெள்ளி சோதனைக் கட்டணம் ஆகும் என்று, அதே முக்காலியைக் காட்டாமல், நிற்கவைத்தே சொன்னார் அதே இளைஞர். பழைய பாகங்கள் எங்கே என்று கேட்டேன். "அதையெல்லாம் அன்னிக்கே தூக்கிப் போட்டாச்சு அக்கா." வாட்ஸ்அப்பில் நான் கடைசியாக அனுப்பிய ஆறு செய்திகளுக்கும் நீலக் குறி மட்டும் விழுந்திருக்கிறது.

இன்று மாலை பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தங்கை மகன் வந்தான். விவரத்தைக் கேட்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி: "பெரியம்மா, மதர்போர்டு மாத்தினா விண்டோஸ் லைசென்ஸைச் சரிபார்க்க பெரும்பாலும் மறுபடி ஆக்டிவேஷன் கேக்குமே, கேட்டுச்சா?" கேட்கவே இல்லை. அப்போதுதான் கட்டிலுக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டி என் நினைவுக்கு வந்தது. எண்ணைச் சரிபார்த்த பிறகு சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பவர் சப்ளை மட்டும் உண்மையிலேயே மாற்றப்பட்டிருந்தது, ஆனால் புதிதாக அல்ல: விசிறியின் இதழ்களில் விரலால் வழித்தால் சுருண்டு வரும் அளவுக்குத் தூசி. நன்றாக இருந்த என் 550 வாட் பவர் சப்ளை யாருடைய பெட்டியில் இருக்கிறதோ தெரியாது.

உண்மையான கோளாற்றைக் கண்டுபிடிக்க அவனுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கணினியின் தற்காலிக நினைவகமான ரேம் பட்டைகள் இரண்டையும் கழற்றி, அவற்றின் பொன்னிற விளிம்பை என் மாணவர்களின் அழிப்பானால் மெல்லத் துடைத்தான். ஒன்றை மட்டும் செருகினான். கணினி உடனே எழுந்தது. அதை எடுத்துவிட்டு அதே துளையில் மற்றதைச் செருகினான், திரை கருப்பு. அப்போது பலகையின் ஓரத்தில், ரேமைக் குறிக்கும் "டிரேம்" என்று பொறித்த எழுத்துகளுக்குப் பக்கத்தில், கடுகளவு விளக்கு ஒன்று எரிந்ததைக் காட்டினான். பலகை தன் நோயைத் தானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்த எவரும் அதைத் தவறவிட்டிருக்க முடியாது. கெட்டுப்போன அந்தப் பட்டைக்கு உற்பத்தி நிறுவனத்தின் ஆயுட்கால உத்தரவாதம் உண்டு என்று அதன் உறையிலேயே அச்சிட்டிருக்கிறது. இலவசமாகத் தீர்ந்திருக்க வேண்டிய விஷயத்துக்கு 480 வெள்ளி. நல்ல பட்டையை மட்டும் வைத்து, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது. இதுவரை ஒரு பிழையும் இல்லை.

கணினி உறைந்தால் என்னென்ன செய்யவேண்டும் என்று ஒழுங்காக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இந்த மனநிலையில் சிலவற்றைத்தான் சொல்ல முடிகிறது. கடைக்குத் தூக்கிச் செல்லுமுன் ரேமைக் கழற்றி ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். கொடுப்பதற்கு முன் பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் சீரியல் எண்களைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகங்கள் திரும்ப வேண்டும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். முன்பணமாக முழுத் தொகையைக் கொடுக்காதீர்கள். தனிநபர் எண்ணுக்கு பேநவ் செய்யாதீர்கள். கடவுச்சொல்லை, தயவுசெய்து, எழுதிக் கொடுக்காதீர்கள். நான் இப்போது மின்னஞ்சல் முதல் வங்கிவரை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளிவரை வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம். 5,000 வெள்ளிக்கு உட்பட்டதென்றால் பயனீட்டாளருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான், இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யவேண்டும். அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் அடையாளக் கணக்கு மூலம் இணையத்திலேயே படிவத்தைத் திறந்துவிட்டேன். யார்மீது முறையிடுகிறீர்கள் என்ற கட்டத்தில் நிற்கிறேன். ரசீதில் ரப்பர் முத்திரை மட்டும் இருக்கிறது, நிறுவனப் பதிவு எண் இல்லை. பணம் போனதோ வேறொரு பெயருக்கு. நாளை காலை பயனீட்டாளர் சங்கத்தை அழைத்து அதைத்தான் முதலில் கேட்கவேண்டும்.