ஈரமும் அரைப்பும்: பல ஊர் மூக்குப்பொடிகள், நீண்ட காலப் பயன்பாட்டில்

பொடி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது வாசனையைத்தான். ரோஜாவா, மெந்தாலா, நெய் மணமா? ஒரே டப்பாவோடு மாதக்கணக்கில் பழகினால் கேள்வி மாறிவிடும். எவ்வளவு நைசாக அரைத்தது, எவ்வளவு ஈரம் நிற்கிறது என்றுதான் கேட்கத் தோன்றும். பொடி மூக்கில் எங்கே போய் உட்காரும், தும்மல் வருமா, தொண்டைக்கு இறங்குமா, எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் இந்த இரண்டைப் பொறுத்தது. வாசனை மூன்றாவதுதான்.

இது ஏற்கெனவே பொடி போடும் பெரியவர்களுக்கான குறிப்பு. புகையிலைப் பக்கமே போகாதவர் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். நிகோட்டின் பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது.

நம்மூர்ப் பொடியிலிருந்து தொடங்கலாம். சென்னையின் பட்டணம் பொடி வகையறாவில் வறுத்த புகையிலையோடு சுண்ணாம்பும் நெய்யும் சேரும். இரண்டுக்கும் தனித்தனி வேலை. சுண்ணாம்பு பொடியின் காரத்தன்மையைக் கூட்டுகிறது. அப்போது புகையிலையில் உப்பு வடிவில் கட்டுண்டிருக்கும் நிகோட்டின் பிரிந்து, மூக்குச் சவ்வில் சட்டென்று ஏறும் நிலைக்கு வந்துவிடும். டப்பாவைத் திறந்ததும் கிளம்பும் நெடியும், போட்டதும் 'சுருக்'கென்று தைப்பதும் இதனால்தான். நெய்யோ தூசியைக் கட்டிப் பிடிக்கிறது. நெய்ப்பசை இல்லாவிட்டால் இவ்வளவு நைசான பொடி மூச்சோடு நேரே தொண்டைக்குப் பறந்துவிடும். காரம் அதிகம் என்பதால் அளவைக் குறைக்க வேண்டும். அரைப் பச்சைப்பயறு அளவு, ஒரு நாசிக்கு அதுவே தாராளம்.

இதன் பலவீனம் நெய்தான். பழசானால் காறல் வாடை அடிக்கும், அதைப் போக்க வழியே கிடையாது. வாழை மட்டையில் கட்டி வருவது அழகு. ஆனால் மட்டை காற்றைத் தடுக்காது. மழைக்காலத்தில் பொடி கட்டி தட்டும், கோடையில் காய்ந்து தூசாகும். வாங்கிய அன்றே கண்ணாடிச் சீசாவுக்கு மாற்றிவிட்டு, இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் மட்டையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தடவையில் கால் கிலோ வாங்கி அடுக்குவதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதிதாய் வாங்குவது மேல்.

நெய்யின் கதை நம்மோடு நிற்கவில்லை என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் எங்களை ஆச்சரியப்படுத்திய விஷயம். ஜெர்மனியின் பவேரியாவில் ஷ்மால்ஸ்லர் என்றொரு வகை உண்டு. 'ஷ்மால்ஸ்' என்றால் உருக்கிய கொழுப்பு, நம் நெய் மாதிரி. நன்றாகப் புளிக்கவைத்த பிரேசில் புகையிலையை அரைத்து, அதில் இந்தக் கொழுப்பைச் சேர்த்தார்கள். இப்போது பெரும்பாலும் பாரஃபின் எண்ணெய்தான், அதனால் காறல் பிரச்சினை இல்லை. கறுப்பாக, கொரகொரப்பாக, எண்ணெய்ப் பசையோடு இருக்கும். உலர்ந்த பழமும் கோகோவும் கலந்த மணம். 1902இல் தொடங்கிய போஷ்ல் நிறுவனமும் அதைவிடப் பழைய பெர்னார்டும் இதில் பெயர் பெற்றவை. காரம் மிதமானது என்பதால் துவரம்பருப்பு அளவு தாராளமாகப் போடலாம். தும்மல் அபூர்வம். குறை என்னவென்றால், அரை மணி நேரம் கழித்தும் மூக்கிலிருந்து கறுப்பாக ஒழுகும். வெள்ளைச் சட்டையும் ஷ்மால்ஸ்லரும் சேராது.

பவேரியர்கள் இதைச் சிறிய கண்ணாடிக் குப்பிகளில் வைத்து, புறங்கையில் தட்டிக் கொட்டிப் போடுவார்கள். எண்ணெய்ப் பொடிக்குக் குப்பி நல்ல வீடு, ஈரம் போகாது. உள்ளே ஒட்டிக்கொண்டதைச் சுத்தம் செய்ய ஒரு தேக்கரண்டி அரிசி, வெதுவெதுப்பான நீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போட்டுக் குலுக்கினால் போதும். பிறகு இரண்டு நாள் கவிழ்த்துக் காயவிட வேண்டும். ஈரத்தோடு நிரப்பினால் பூஞ்சை பிடிக்கும்.

இங்கிலாந்துப் பொடிக்கு இரண்டு ஊர்கள் முக்கியம்: 1737இல் வில்சன் குடும்பம் தொழில் தொடங்கிய ஷெஃபீல்டின் ஷாரோ, 1792 முதல் பொடி அரைத்த கெண்டல். கெண்டல் பிரவுன் கொரகொரப்பானது, ஈரமானது, அமோனியா நெடி தூக்கலாக இருக்கும். புது டப்பாவைத் திறந்ததுமே போடாதீர்கள். மூடியை லேசாகத் திறந்து அரை நாள் வைத்தால் நெடி அடங்கி உள்ளிருக்கும் புகையிலை மணம் மேலே வரும். எஸ்.பி. என்ற வகை நடுத்தர அரைப்பு, பெர்கமாட் எலுமிச்சை மணம். ஆங்கிலப் பொடியில் கை பழகுவதற்கு இதைத்தான் நாங்கள் சொல்வோம். பெர்கமாட் சீக்கிரம் ஆவியாகும். திறந்த டப்பாவில் சில மாதத்தில் மணம் போய்ப் புகையிலை மட்டும் நிற்கும்.

எல்லாவற்றிலும் கடினமானது ஹை டிரை டோஸ்ட். சுட வறுத்து, மாவாய் அரைத்து, ஈரமே இல்லாமல் செய்வது. கட்டிப் பிடிக்க நெய்யும் கிடையாது. மூச்சைக் கொஞ்சம் பலமாக இழுத்தால் தொண்டையில் இறங்கிக் கமறும், கண்ணில் நீர் வரும். பழகியவர்களுக்கு இதன் வறுவல் மணத்துக்கு ஈடு இல்லை.

போடும் முறை எல்லா வகைக்கும் ஒன்றுதான். முதலில் மூக்கைச் சிந்திச் சுத்தமாக்குங்கள். ஈர மூக்கில் பொடி அப்பிக்கொண்டு ஒரே இடத்தில் எரியும். கட்டை விரலை விறைப்பாக நீட்டினால் மணிக்கட்டருகே இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு குழி விழும். உடற்கூறு நூல்களில் அந்தக் குழிக்குப் பெயரே பொடி டப்பா. சிட்டிகையை அதில் வைத்து, தலையைச் சற்று முன்னுக்குக் குனிந்து, பூவை முகர்வது போல இரண்டு சின்ன முகர்வாக எடுங்கள். பொடி நாசியின் முன்பகுதியிலேயே தங்க வேண்டும். தலையை நிமிர்த்தி ஆழமாக இழுப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. பொடி தொண்டைக்கு இறங்கினால் விழுங்காமல் துப்பிவிடுங்கள், விழுங்கினால் குமட்டலும் விக்கலும் வரும். போட்டபின் ஐந்து நிமிடமாவது மூக்கைச் சிந்த வேண்டாம். தலை சுற்றல், குளிர்ந்த வியர்வை வந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும்.

ஈரப்பதம் பார்க்க விரல்களே போதும். இரண்டு விரலால் அழுத்தி விட்டால் ஒரு நொடி உருவம் நின்று பிறகு உதிர வேண்டும். கட்டியாகவே நின்றால் ஈரம் கூட, மணலாய் ஓடினால் ஈரம் போதாது. காய்ந்த கெண்டல் வகையை மீட்பதற்குத் தண்ணீர் தெளிப்பது பெரும் பிழை. தண்ணீர் பட்ட இடம் கட்டியாகி, அங்கேதான் பூஞ்சை முளைக்கும். பொடியை அகலமான கிண்ணத்தில் மெல்லப் பரப்பி, காற்றுப் புகாத பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் கொதிக்கவைத்து ஆறிய நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சைத் தொடாமல் வையுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கிளறிப் பாருங்கள். ஒரு நாளில் பதம் வந்துவிடும். டோஸ்ட் வகைக்கு இதைச் செய்யவே கூடாது, அதன் குணமே வறட்சிதான். புழுக்க வாடையோ பஞ்சு போன்ற படலமோ தெரிந்தால் முழுவதையும் எறிந்துவிட வேண்டும்.

மெந்தால் பொடியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. போட்டதும் மூக்கு திறந்துகொண்டது போலிருக்கும். உண்மையில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளை மெந்தால் தூண்டுகிறது, அடைப்பு அப்படியேதான் இருக்கும். சளிக்கு மருந்தென்று நினைத்து மேலும் மேலும் போடுகிறவர்கள் நிகோட்டினைத்தான் ஏற்றிக்கொள்கிறார்கள்.

உடம்புக்கு இதன் விலை உண்டு, அதை மறைப்பது ரசிகர்களுக்கு அழகல்ல. 1761இலேயே லண்டன் மருத்துவர் ஜான் ஹில், பொடி அதிகமாகப் போட்டவர்களின் மூக்கில் கட்டிகள் கண்டதை எழுதியிருக்கிறார். புகையில்லாப் புகையிலையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதியான வகையில் சேர்த்திருக்கிறது. பல ஆண்டு பழகிய மூக்கில் சவ்வு தடித்து மணம் அறியும் திறன் மங்கும். நல்ல பொடியை ரசிக்க முடியாமல் போவதும் இதனால்தான். இரவில் மூக்கைக் கழுவுவது படிந்ததை அகற்றும்: 250 மில்லி கொதித்து ஆறிய நீர், அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பு. ரத்தம் கசிந்தாலோ, ஒரு பக்க அடைப்பு வாரக்கணக்கில் நீங்காவிட்டாலோ பொடியை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். இரத்த அழுத்தக்காரர்களும் கர்ப்பிணிகளும் தொடவே கூடாது.

ரசிகர்கள் கூடும்போது டப்பா கை மாறுவது பழைய மரியாதை. இங்கிலாந்தின் மக்கள் சபையில் 1693இல் புகைபிடிக்கத் தடை வந்தது. அதற்கு ஈடாக உறுப்பினர்களுக்கென்று வாயில்காவலரிடம் பொதுச் செலவில் பொடி டப்பா இருந்தது. திறக்கும் முன் மூடியைத் தட்டுவது வெறும் பாவனை அல்ல, மூடியில் ஒட்டிய பொடி கீழே விழட்டும் என்பதற்காக. அடுத்தவர் டப்பாவில் விரலை விடாமல் சின்னக் கரண்டியால் எடுத்துப் போடுகிறவர் புறங்கையில் வைப்பதே சுத்தம். விரல் ஈரம் மொத்தப் பொடியையும் கெடுக்கும். மாதிரிக்குக் கொடுப்பதானால் மூன்று கிராம் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, பொடியின் பெயரோடு டப்பா திறந்த தேதியையும் ஒட்டிக் கொடுங்கள். மெந்தால் குப்பியை மட்டும் தனிப் பையில். ஒரே பையில் போட்டால் மறுநாள் எல்லாப் பொடியும் மெந்தாலாகவே மணக்கும்.