பச்சை விளக்கு எரிந்தால் போதாது: ட்ரெயிலர் எலெக்ட்ரிக் பிரேக், மூன்று வருடத்துக்குப் பிறகு

பட்டர்வொர்த் நண்பர் ஒருவர் ரொட்டி சானாய் வியாபாரத்துக்கு ட்ரெயிலர் வாங்கப் போகிறார். "எலெக்ட்ரிக் பிரேக் போடட்டுமா, ஓவர்ரன் போதுமாண்ணே?" என்று கேட்டிருந்தார். எலெக்ட்ரிக் என்றால் கரண்ட் கொடுத்த காந்தத்தால் பிடிக்கும் பிரேக், ஓவர்ரன் என்றால் ட்ரெயிலர் வண்டியைத் தள்ளும் பலத்திலேயே பிடிக்கும் பிரேக். வாட்ஸ்அப்பில் ரெண்டு வரியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. பிரேக்கைப் பற்றிச் சொல்வதைவிட அதற்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் ட்ரெயிலர் ஒற்றை அச்சு. கேஸ், கல், சாமான் எல்லாம் ஏற்றினால் 1,400 கிலோ. இழுப்பது டீசல் ஹைலக்ஸ். 10 அங்குல டிரம், சக்கரத்துக்கு ஒரு காந்தம். ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் கன்ட்ரோலர், வண்டி எவ்வளவு வேகமாக நிற்கிறது என்பதை உணர்ந்து அதற்கேற்ற கரண்டை ட்ரெயிலருக்கு அனுப்புகிற வகை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பினாங்கிலிருந்து கோலாலம்பூர் போகும்போது மெனோரா சுரங்கத்தைத் தாண்டி ஜெலாப்பாங் பக்கம் இறங்கும் சரிவில்தான் இதன் அருமை தெரியும். பிரேக் இல்லாத ட்ரெயிலர் அங்கே பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். எலெக்ட்ரிக் பிரேக் உள்ளது தன் எடையைத் தானே பிடித்துக்கொள்ளும். கியரைக் குறைத்து, விட்டு விட்டுப் பிரேக் போட்டால் கீழே வந்த பிறகும் ஹைலக்ஸின் முன் டிஸ்க்கில் கருகிய வாடை இல்லை. எதிர்பார்க்காமல் கிடைத்த இன்னொரு நன்மை, கன்ட்ரோலரில் இருக்கும் கை லிவர். பினாங்கு பாலத்தில் பக்கக் காற்றடித்து ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கினால், வண்டியின் பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கையும் நேராகப் பிடித்தபடி, லிவரை மட்டும் அழுத்த வேண்டும். ட்ரெயிலர் மட்டும் பின்னுக்கு இழுபட்டு நேராகிவிடும். ஓவர்ரன் பிரேக்கில் இது கிடையாது.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். இழுவைத் தண்டில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் சீல்டு (மூடி அடைத்த ஈய) பேட்டரி. ஓடும்போது ட்ரெயிலர் கொக்கியிலிருந்து கழன்றால், வண்டியோடு கட்டிய மெல்லிய கம்பிக் கயிறு ஒரு பின்னை உருவிவிடும். அந்த நொடியே இந்தப் பேட்டரி நேராகக் காந்தங்களுக்குக் கரண்ட் கொடுத்துச் சக்கரத்தைப் பூட்ட வேண்டும். அதுதான் பிரேக்அவே. பெட்டியின் மேல் ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் பச்சை விளக்கு எரியும்.

அந்தப் பச்சை விளக்கு எதையும் சோதிப்பதில்லை. ஒரு எல்இடி எரிய சில மில்லிஆம்பியர் போதும். காந்தம் ஒன்றுக்குச் சுமார் 3 ஆம்பியர் வேண்டும், இரண்டுக்கு 6. உள்ளுக்குள் செத்துப்போன பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும், விளக்கும் அழகாக எரியும். பின்னை இழுத்து, மீட்டரைப் பேட்டரி முனையில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்: முதல் நொடியில் 10.4, இரண்டு நிமிடத்தில் 8. சக்கரத்தைக் கையால் தள்ளினாலே சுற்றியது. அதே நேரத்தில் பட்டனை அழுத்தினால் பச்சை! 1,400 கிலோவை நெடுஞ்சாலையில் நம்பி இழுத்துச் செல்கிறவருக்கு இப்படி ஒரு விளக்கை வைத்துக் கொடுப்பதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

எனக்கு முதல் இரண்டு பேட்டரி 14 மாதத்தில் போயின. அதற்குக் காரணம் பேட்டரி இல்லை, சார்ஜ் வரும் வழி. வண்டியையும் ட்ரெயிலரையும் இணைக்கும் 7 பின் தட்டை ப்ளக்கில் நீல வயர் பிரேக்குக்கு, வெள்ளை எர்த்துக்கு, மற்றவை விளக்குகளுக்கும் ரிவர்ஸுக்கும். பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்க என்று தனியாக ஒரு பின் அதில் கிடையாது. முதலில் வேலை செய்த ஒர்க்‌ஷாப், பழுப்பு வயரிலிருந்து, அதாவது டெயில் லைட்டிலிருந்து, ஒரு கிளை எடுத்துப் பேட்டரிக்குக் கொடுத்திருந்தது. பகலில் லைட் போடாமல் ஓட்டினால் சார்ஜே இல்லை. இரவிலும் கணக்கு சரிவராது. ஹைலக்ஸில் 13.9 வோல்ட். நீளமான மெல்லிய வயரில் அரை வோல்ட் போகும். பேட்டரி திரும்ப டெயில் லைட்டை எரிய வைக்கக் கூடாது என்று நடுவில் ஒரு டையோடு போட்டிருப்பார்கள், அது 0.7 தின்னும். மிச்சம் 12.7. சீல்டு பேட்டரிக்குச் சும்மா நிரம்பியே இருக்க சுமார் 13.6 வேண்டும். ஆகவே அது வாழ்நாள் முழுக்க அரை வயிற்றோடு கிடந்து, தகட்டில் சல்ஃபேட் படிந்து செத்துப்போகும். அதோடு வெயிலில் நிற்கும் கறுப்புப் பெட்டி. ஈய பேட்டரிக்குச் சூடு சுமார் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி.

தீர்த்தது 10 வாட் சோலார் தகடு ஒன்று, கூரை மேல். நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாளில் 2 ஆம்பியர்-அவர் தாராளமாக வரும். 7 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு அதுவே அதிகம். பேட்டரியைத் தண்டிலிருந்து எடுத்து ட்ரெயிலருக்குள் தொட்டிக்கு அடியில், அடுப்புக்கு எதிர்ப்பக்கம் வைத்தேன். சோலாரிலிருந்து வரும் சார்ஜை அளவாகக் கொடுக்கும் சார்ஜ் கன்ட்ரோலரையும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். சூட்டைப் பார்த்து வோல்ட்டைக் குறைக்கிற கன்ட்ரோலர், தான் இருக்கும் இடத்தின் சூட்டைத்தான் அளக்கும். கன்ட்ரோலர் வெயிலிலும் பேட்டரி நிழலிலும் இருந்தால் பேட்டரி பட்டினி கிடக்கும், மாறி இருந்தால் பொங்கிப்போகும். செட்டிங்கில் உங்கள் பேட்டரி வகைக்கேற்ப சீல்டு அல்லது ஏஜிஎம் (அதுவும் ஒரு வகை சீல்டு ஈய பேட்டரிதான்) என்று தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். மூன்றாவது பேட்டரி 22 மாதமாக நன்றாக இருக்கிறது. உள்விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும் இருக்கும் பெரிய பேட்டரியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒரு இரவு விளக்கை அணைக்க மறந்தால் பிரேக்அவேயும் சேர்ந்து போய்விடும். லித்தியமும் வேண்டாம் என்பேன். ஈய பேட்டரி மெல்ல மெல்லச் சோர்ந்து காட்டிக்கொடுக்கும். லித்தியத்தின் பாதுகாப்புச் சர்க்யூட் ஒரேயடியாக வெட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாது.

ஓடும்போது பிரேக்குக்குப் போகும் கரண்டிலும் இதே கதை. கன்ட்ரோலர் 13.5 கொடுக்கும்போது காந்தத்தில் அளந்தால் 11.2தான் இருந்தது. காந்தம் டிரம்மின் உள்முகத்தில் ஒட்டி, அதோடு இழுபட்டு, உள்ளே ஒரு லிவரை அசைத்து, டிரம்மை உரசி நிறுத்தும் பிரேக் ஷூவை விரிக்கிறது. வோல்ட் குறைந்தால் ஒட்டும் பலம் குறையும், அவ்வளவு எளிது. காணாமல் போன 2.3 வோல்ட்டில் 0.8 வயரில். கடையில் '4 மில்லிமீட்டர் ஆட்டோ கேபிள்' என்று கேட்டு வாங்கினால் அந்த 4, மேல் உறையோடு சேர்த்த விட்டம். உள்ளே செம்பு 1.84 சதுர மில்லிமீட்டர்தான். '6 மில்லிமீட்டர்' என்பதில்தான் 4.6 சதுர மில்லிமீட்டர் செம்பு இருக்கிறது. வீட்டு வயரிங்கில் சொல்லும் மில்லிமீட்டரோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். போக 7 மீட்டர், வர 7 மீட்டர், 6 ஆம்பியர் என்று கணக்குப் போட்டால் தடித்த கேபிளில் இழப்பு 0.3 வோல்ட்டாகக் குறையும்.

மீதி 1.5 வோல்ட் ப்ளக்கிலும் எர்த்திலும். பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங் பக்கம் கடற்கரையோரம் நிற்கும் ட்ரெயிலரின் பித்தளைப் பின் ஆறு மாதத்தில் பச்சை பூக்கும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளைப் பிரித்துப் பார்த்தேன்: டேப் பசை உருகி ஒழுகி, செம்பு கறுத்துத் தூளாக உதிர்ந்தது. க்ரிம்ப் செய்து (உலோகக் குழாயில் வைத்து நசுக்கி), உள்ளே பசை உள்ள, சூடாக்கினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டால்தான் நிற்கும். பின்களில் ஈரம் புகாமல் காக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ். எர்த்துக்குக் கொக்கி உருண்டையை நம்பவே கூடாது, நீல வயரின் அதே தடிப்பில் தனி வெள்ளை வயர் போக வேண்டும். ஹைலக்ஸ் பக்கம் கன்ட்ரோலருக்குப் பேட்டரியிலிருந்து நேரடி வயர், நடுவில் தானாகத் திரும்பி இணையும் 30 ஆம்பியர் சர்க்யூட் பிரேக்கர். சிகரெட் லைட்டர் ஃபியூஸிலிருந்து எடுத்துக் கொடுக்கும் வயர்மேனிடம் வண்டியை விடாதீர்கள். எல்லாம் மாற்றியபின் காந்தத்தில் 13.0 வந்தது. கன்ட்ரோலரில் பிரேக் பலத்துக்கு வைக்கும் எண்ணை 7-லிருந்து 5-க்கு இறக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் மோட்டார்ஹோமுக்குப் பின்னால் ஒரு காரை நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போகிறவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. காரின் பிரேக் பெடலை அமுக்க ஓட்டுநர் காலடியில் ஒரு பெட்டி வைப்பார்கள், அது அந்தக் காரின் 12 வோல்ட் சாக்கெட்டிலிருந்து கரண்ட் எடுக்கும். ஸ்டியரிங் பூட்டாமல் இருக்கச் சாவியை ஏசிசியில் (என்ஜின் இல்லாமல் ரேடியோ, சாக்கெட் மட்டும் வேலை செய்யும் நிலை) விட்டிருப்பார்கள். என்ஜின் ஓடாது. சில மணி நேரத்தில் கார் பேட்டரி இறங்கி, பிரேக்கும் போய், காரும் ஸ்டார்ட் ஆகாது. சில கார்களில் இழுக்கும்போது ஃபியூஸைக் கழற்றச் சொல்கிறார்கள், அப்போது சாக்கெட்டுக்கே கரண்ட் இல்லாமல் போகலாம். அங்கேயும் விடை அதேதான்: முன்வண்டியிலிருந்து ஃபியூஸ் போட்ட தனி சார்ஜ் வயர்.

டிரம் வேலையைப் பற்றி அதிகம் இல்லை. புது ஷூவை 60-லிருந்து 30 கிலோமீட்டருக்கு இறக்கி 20, 30 தடவை பழக்க வேண்டும். முதல் 300 கிலோமீட்டரில் ஒருமுறை, பிறகு 5,000-க்கு ஒருமுறை, சக்கரத்தைக் கையால் சுற்றவே கடினமாகும்வரை இறுக்கி, பிறகு லேசாக மட்டும் உரசும் அளவுக்குத் தளர்த்தினால் போதும்.

இனி நண்பர் கேட்ட கேள்வி. இவ்வளவு பாராட்டிவிட்டு இதைச் சொல்வது முரணாகத்தான் தெரியும்: தம்பி, நீங்கள் ஓவர்ரன் பிரேக்கே போடுங்கள். உங்கள் ட்ரெயிலர் ஒரு டன், மாதத்தில் இரண்டு தடவை பட்டர்வொர்த், பிறை, தைப்பூசத்துக்குத் தீவுப்பக்கம். மெனோரா சரிவும் இல்லை, தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏற்றமும் இல்லை. ஓவர்ரன் ட்ரெயிலர் முன்னே தள்ளும் பலத்திலேயே பிடிக்கும், கரண்ட் வேண்டாம். மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது பூட்டிக்கொள்ளும், அதற்கு ஒரு லாக் இருக்கிறது, இறங்கிப் போட வேண்டும். நீண்ட சரிவில் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்து சூடேறும், உங்கள் வழியில் அப்படிச் சரிவு கிடையாது. மீட்டரைக் கையில் எடுக்காதவரிடம் எலெக்ட்ரிக் பிரேக் இருந்தால், அந்தப் பச்சை விளக்கை நம்பித்தான் ஓட்டுவார். எனக்கு அது பயமாக இருக்கிறது.

ஏற்கெனவே எலெக்ட்ரிக் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். ட்ரெயிலரைச் சமதளத்தில் நிறுத்தி, முதலில் 7 பின் ப்ளக்கைக் கழற்றுங்கள். இல்லையென்றால் கன்ட்ரோலர் போய்விடலாம். பிரேக்அவே பின்னை இழுத்து, டிசி கிளாம்ப் மீட்டரை (வயரை வெட்டாமல் சுற்றிப் பிடித்து ஆம்பியர் அளப்பது) நீல வயரில் மாட்டுங்கள். இரண்டு காந்தத்துக்கு 6 ஆம்பியருக்குப் பக்கத்தில் வர வேண்டும், 3 என்றால் ஒரு பக்கம் வயர் அறுந்திருக்கிறது. பின்னைத் திரும்பப் போடாமலே பத்து நிமிடம் கழித்துப் பேட்டரி முனையில் 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். பின்னைத் திரும்பப் போடும்போது கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். பாதுகாப்புச் சங்கிலியிலோ கொக்கி உருண்டையிலோ மாட்டியிருந்தால் அவிழ்த்து, வண்டியின் சேஸிஸில் மாட்டுங்கள்.