மீட்டரா, புட்டியா, ஆய்வகமா: சம்ப் நீரை எதை வைத்துச் சோதிப்பது?

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் எங்கள் பன்னிரண்டு வீட்டுக் குடியிருப்புக்குக் காவிரிக் குழாய், ஆழ்துளைக் கிணறு, கோடையில் டேங்கர் லாரி என மூன்று வழியாகத் தண்ணீர் வந்தது. மூன்றும் ஒரே சம்பில், அதாவது நிலத்தடித் தொட்டியில்தான் விழும். போன மழைக்காலத்தில் நான்கு வீட்டுக் குழந்தைகளுக்கு அடுத்தடுத்து வயிற்றுப்போக்கு கண்டது. அதன் பிறகு கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர், மலக்கழிவு கலந்திருந்தால் கறுக்கும் ஹைட்ரஜன் சல்பைடு புட்டி, ஆய்வகம் ஆகிய மூன்றையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். நான் புட்டியின் பக்கம்.

மீட்டரின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். நனைத்த நொடியில் எண் தெரியும். எங்கள் காவிரி நீர் 200-ஐ ஒட்டி நிற்கும், டேங்கர் நீர் 900-ஐத் தாண்டும். ஆர்.ஓ. கருவியின் சவ்வு தேய்வதைக் கண்டுபிடிக்கவும் இதைவிட எளிய வழி இல்லை. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, கரைந்த திடப்பொருளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது.

ஆனால் மீட்டர் உண்மையில் அளப்பது நீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனை. அதைக் கொண்டு உப்பின் அளவைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. கிருமி அதில் தெரியவே தெரியாது. நூறு லிட்டர் நல்ல நீரில் ஒரு லிட்டர் சாக்கடை கலந்தாலும் எண் சில புள்ளிகள்தான் நகரும். குடிநீரிலோ 100 மில்லிலிட்டரில் மலக்கழிவின் அடையாளமான ஈ.கோலி பாக்டீரியா ஒன்று கூடத் தென்படக் கூடாது என்பது விதி. குழந்தைகள் சுருண்டு கிடந்த அந்த வாரம் எங்கள் சம்ப் நீருக்கு மீட்டர் காட்டியது 240. “எண் நன்றாகத்தானே இருக்கிறது தம்பி, தண்ணீரில் ஒன்றும் இருக்காது” என்றார் கீழ்வீட்டு அக்கா. நானும் அதை நம்பி இரண்டு நாளை வீணாக்கினேன். அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

புட்டி முறை 1982-இல் குவாலியர் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தினர் வெளியிட்டது. குறி வரை நீரை ஊற்றி, மூடி, அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் போதும். மலக்கழிவோடு வரும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும். அது புட்டியிலுள்ள இரும்போடு சேர்ந்து கறுக்கும். சமையலறை அலமாரியில் இரவு வெளிர்மஞ்சளாக வைத்த புட்டி காலையில் மை போலக் கறுத்திருந்தது. அன்றே சம்பை இறைத்துப் பார்த்தோம். கழிவுநீர்த் தொட்டியை ஒட்டிய சுவரில் விரலளவு விரிசல், அதைச் சுற்றி வழுவழுப்பான கரும்பச்சைக் கறை. விரிசலை அடைத்து, கழுவி, குளோரின் போட்டு நிரப்பிய பிறகு வைத்த புட்டி இரண்டு நாள் கழித்தும் நிறம் மாறவில்லை.

புட்டிக்கும் குறை உண்டு. எத்தனை கிருமி என்று அது சொல்லாது. நீரில் இயற்கையாகவே சல்பைடு இருந்தால் கிருமி இல்லாமலும் கறுக்கும். கறுத்த புட்டியை அப்படியே குப்பையில் எறியக் கூடாது, பிளீச்சிங் கரைசல் ஊற்றிவைத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

ஆய்வகத்துக்கு இதுவரை இரண்டு முறைதான் நீர் கொடுத்திருக்கிறேன். அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். கிருமிச் சோதனைக்குக் கிருமி நீக்கிய புட்டியில் பிடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, அன்றே சேர்க்க வேண்டும். முதல் முறை வீட்டு பாட்டிலில் கொண்டுபோனதால் திருப்பி அனுப்பினார்கள். இவ்வளவு அலைச்சலை மாதாமாதம் யாராலும் செய்ய முடியாது. ஆனாலும் மீட்டரும் புட்டியும் காட்டாத ஒன்றை அது காட்டியது: ஆழ்துளைக் கிணற்று நீரில் நைட்ரேட் லிட்டருக்கு 52 மில்லிகிராம். வரம்பு 45. நைட்ரேட் கொதிக்கவைத்தாலும் போகாது, கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. இரண்டாம் மாடியில் நான்கு மாதக் குழந்தை இருக்கிறது. கிணற்றுக் குழாயைச் சம்பிலிருந்து பிரித்து, தோட்டத்துக்கும் வாசல் கழுவவும் மட்டும் திருப்பிவிட்டோம்.